ஒழுக்கம் என்று எதைச் சொல்கிறோம்? – வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் எழுதும்போது, ஒருவரை ‘ஒழுக்கமானவர்’ என்று பாராட்டுவதைவிட ‘நியாயமானவர்’ என்று பாராட்டுவதையே நான் பெரிதாக மதிப்பேன் என்று போகிற போக்கில் ஒரு வரி சேர்த்திருந்தேன். மற்ற பதில்களை எல்லாம் விட்டுவிட்டு அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பலர் எழுதியிருக்கிறீர்கள். சிலருக்குக் கோபம், சிலருக்குக் குழப்பம். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அந்தக் கடிதங்களுக்கே கொடுத்துவிட்டேன்.

*

கேள்வி: எங்கள் தெருவில் ஒரு மாடி வீட்டில் இரண்டு இளம்பெண்கள் வாடகைக்கு இருந்தார்கள். இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். இரவுப் பணி முடிந்து நேரங்கழித்துத் திரும்புவார்கள். ‘ஒழுக்கம் சரியில்லை’ என்று சொல்லி வீட்டுக்காரர் அவர்களைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வெள்ளையடிக்க, குழாய் மாற்ற என்று கணக்குச் சொல்லி அட்வான்ஸில் பாதியையும் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டுக்காரரைத் தெருவே ஒழுக்கசீலர் என்கிறது. குடி கிடையாது, புகை கிடையாது, நாள் தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். எனக்கு இதில் ஏதோ இடிக்கிறது. எது என்று சொல்லத் தெரியவில்லை.
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்களுக்கு இடிக்கிற இடம் சரியான இடம்தான். ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள். ‘ஒழுக்கங்கெட்டவர்’ என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லி, அது யார் மீது போய் ஒட்டிக்கொள்கிறது, யார் மீது ஒட்ட மறுக்கிறது என்று கவனியுங்கள். கூலியைப் பாக்கி வைத்துக்கொண்டு ஆளை அலையவிடுகிறவர், பருப்பில் கலப்படம் செய்கிறவர், சீட்டுப் பணத்தோடு ஊரைவிட்டுப் போனவர் ஆகியோரைத் திட்ட நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. ஏமாற்றுக்காரர் என்போம், மோசடிக்காரர் என்போம், சில வேளைகளில் ‘விவரமான ஆள்’ என்று வியக்கவும் செய்வோம். ஆனால் ‘ஒழுக்கங்கெட்டவர்’ என்ற சொல் மட்டும் அவர்களைப் பற்றிப் பேசும்போது நம் நாவில் வருவதில்லை. குடிப்பவர், மணவாழ்க்கைக்கு வெளியே உறவு வைத்திருப்பவர், தெருவுக்குப் பிடிக்காத உடை உடுத்துபவர், நேரங்கழித்து வீடு திரும்புபவர் என்றால் உடனே வந்துவிடுகிறது. இதிலும் ஆணுக்கு ஒரு நிறுவை, பெண்ணுக்கு ஒரு நிறுவை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, தெருவில் ‘ஒழுக்கம்’ என்ற ஒரே சொல்லின்கீழ் வெவ்வேறு பண்டங்கள் விற்பனையாகின்றன. ஊர் எப்படி நடக்கிறதோ அப்படி நடப்பது ஒன்று. தன் உடலையும் ஆசையையும் அடக்கி வைத்திருப்பது மற்றொன்று. அடுத்தவருக்கு நாம் பட்டிருக்கும் கடனைத் தீர்ப்பது, அதாவது அவர் பணத்தையும் உழைப்பையும் மானத்தையும் பறிக்காமல் இருப்பது, இவற்றிலிருந்து முற்றிலும் வேறானது. உங்கள் தெரு வீட்டுக்காரர் முதல் இரண்டு பாடங்களிலும் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறார். அந்த மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு, எழுதாத மூன்றாவது தேர்விலும் அவர் தேறிவிட்டதாகத் தெரு சான்றிதழ் கொடுத்திருக்கிறது. ஆசிரியையாக இருந்த உங்களுக்கு இடிக்காமல் வேறு யாருக்கு இடிக்கும்?

தெரு ஏன் இப்படிச் செய்கிறது என்பதற்குக் கபடம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. எந்தப் பெண் எத்தனை மணிக்கு வண்டியிலிருந்து இறங்குகிறாள் என்பது திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரியும். அட்வான்ஸில் எத்தனை ஆயிரம் பிடிக்கப்பட்டது என்பதோ இரண்டு பேருக்கு இடையில், கதவுக்குப் பின்னால் நடப்பது. கண்ணுக்கு எட்டுவதைக் கொண்டுதான் ஊர் மதிப்புப் போடுகிறது. இன்னொரு காரணமும் உண்டு: அடுத்த வீட்டுப் பெண் எட்டு மணிக்குள் வீடு திரும்ப வேண்டும் என்று கேட்பதற்கு நமக்கு ஒரு காசும் செலவில்லை. வாடகைக் கணக்கில் நியாயமாக இருக்க வேண்டும் என்று கேட்கத் தொடங்கினால், தெருவில் பாதிப் பேர் தம் பைக்குள் கைவிட வேண்டியிருக்கும்.

இதைச் சொல்வதால் தன்னடக்கத்தை நான் மட்டமாக நினைப்பதாகக் கொள்ள வேண்டாம். குடிக்காத கணவன் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நம் ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். வாரக்கூலி மதுக்கடையில் கரையும்போது பிள்ளைகளின் சோறு குறைகிறது; அங்கே இரண்டாவது பாடம் தானாகவே மூன்றாவது பாடமாகிவிடுகிறது, ஊர் கண்டிப்பதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவுப் பணி முடிந்து வரும் அந்தப் பெண்களால் யாருக்கு என்ன குறைந்தது என்று கேட்டால், வீட்டுக்காரரிடம் சொல்வதற்கு எதுவும் இருக்காது. அந்தப் பெண்கள் கேட்டால் அவரால் குறைந்தது இத்தனை ரூபாய் என்று எண்ணிச் சொல்லிவிடுவார்கள். அவர்களிடம் வாடகை ஒப்பந்தமும் பணம் கொடுத்ததற்கான ரசீதும் இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால், வெள்ளையடித்த செலவுக்கும் குழாய் மாற்றிய செலவுக்கும் பில் கேட்டு அவர்கள் போகும்போது நீங்களும் கூடப் போய் நில்லுங்கள். தெருவில் மரியாதை உள்ள ஒருவர் அருகில் நிற்பது கணக்கைச் சீராக்கும்.

*

கேள்வி: ‘திணை என்றால் ஒழுக்கம்’ என்று எங்களுக்குப் பாடம் நடத்துகிறார்கள். தலைவன் பரத்தையிடம் போவதைக்கூட உரைகள் ‘புறத்தொழுக்கம்’ என்கின்றன. அப்படியானால் பழந்தமிழர் எதைத்தான் ஒழுக்கம் என்றார்கள்? இன்று நாம் சொல்லும் ஒழுக்கத்துக்கும் வள்ளுவர் சொல்லும் ஒழுக்கத்துக்கும் தொடர்பு உண்டா?
– தமிழ் இலக்கிய மாணவர், பாளையங்கோட்டை

பதில்: வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வியை எனக்கு எழுதியிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. ‘ஒழுகு’ என்ற வினையிலிருந்து வந்த சொல் ஒழுக்கம். கூரை ஒழுகுகிறது என்கிறோமே, அதே ஒழுகுதான். நீர் ஒரு போக்கில் தொடர்ந்து செல்வதுபோல, மனிதர் ஒரு போக்கில் தொடர்ந்து நடந்துகொள்வது ஒழுக்கம். அந்தப் போக்கு நல்லதா கெட்டதா என்று அந்தச் சொல் தன்னளவில் தீர்ப்புச் சொல்வதில்லை. அதனால்தான் மறைவில் வளரும் காதலாகிய களவும் ஒழுக்கமாகிறது, மணவாழ்க்கையாகிய கற்பும் ஒழுக்கமாகிறது, நீங்கள் சொல்லும் புறத்தொழுக்கத்துக்கும் அதில் இடமிருக்கிறது.

வள்ளுவரிடமே இதற்குச் சான்று உண்டு. ‘நன்றிக்கு வித்தாகும் நல்லொழுக்கம் தீயொழுக்கம் என்றும் இடும்பை தரும்’ என்பது 138ஆம் குறள். ஒழுக்கம் என்றாலே நல்லது என்றிருந்தால் ‘நல்’ என்ற அடைக்கும் ‘தீ’ என்ற அடைக்கும் அங்கே வேலையே இல்லை. அதே அதிகாரத்தில் பிற இடங்களில் அடை இல்லாமலும் அவர் சொல்லை உயர்ந்த பொருளில் ஆள்கிறார் என்பதும் உண்மை. சொல் நடுநிலையிலிருந்து பாராட்டுச் சொல்லாக நகர்ந்துகொண்டிருப்பதை ஓர் அதிகாரத்துக்குள்ளேயே நாம் பார்த்துவிடலாம்.

அந்த 14ஆம் அதிகாரத்தைப் பத்துக் குறளும் சேர்த்து நிதானமாக ஒருமுறை படியுங்கள். ‘ஒழுக்கம் உயிரினும் ஓம்பப்படும்’ என்ற அடியை மட்டும் மேடையில் கேட்டுப் பழகியவர்களுக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது: ஆண் பெண் உறவைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. அதற்கு அடுத்த அதிகாரத்தை, பிறனில் விழையாமையை, வள்ளுவர் தனியாக ஒதுக்கியிருக்கிறார். பிறன் மனைவியை விரும்பும் ஆண்களை நோக்கி அது பேசுகிறது. 14ஆம் அதிகாரத்தில் இருப்பது வேறு. ‘ஒழுக்கம் உடையவர்க்கு ஒல்லாவே தீய வழுக்கியும் வாயாற் சொலல்’ என்கிறார்: தவறிக்கூடத் தீய சொல்லைச் சொல்ல ஒழுக்கமுடையவர்களுக்கு வாய் வராதாம். இந்தக் குறளின்படி, மாடி வீட்டுப் பெண்களைப் பற்றித் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தவர்கள் எந்தப் பக்கம் போய் நிற்பார்கள் என்பதைக் கும்பகோணத்து ஆசிரியை யோசித்துக்கொள்ளட்டும்.

இப்படிச் சொல்லிவிட்டு, வள்ளுவரை நம் காலத்து ஆளாக ஆக்கிவிடவும் கூடாது. அதே அதிகாரத்தில் ‘பார்ப்பான் பிறப்பொழுக்கம் குன்றக் கெடும்’ என்ற அடியும் இருக்கிறது. பரிமேலழகர் ஒழுக்கமுடைமைக்கு விளக்கம் சொல்லும்போது, அவரவர் வருணத்துக்கும் நிலைக்கும் ஓதப்பட்ட ஒழுக்கத்தை உடையவராதல் என்றே வரையறுத்துவிடுகிறார். ‘உலகத்தோடு ஒட்ட ஒழுகல்’ என்ற இடத்தில் உலகம் என்பதற்கு உயர்ந்தோர் என்று பொருள் கொள்கிறார். எல்லோருக்கும் பொதுவாக வள்ளுவர் விட்டுவைத்த வாசலில், யார் உள்ளே வரலாம் என்று உரையாசிரியர் பட்டியல் ஒட்டுவது இப்படித்தான். சொல் எதுவானாலும், ஒழுக வேண்டிய ‘உலகம்’ எது என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்ற கேள்வி அதற்குள்ளேயே கிடக்கிறது.

இதனோடு ‘அறம்’ என்ற சொல்லை ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். அறம் எனப்படுவது யாதெனக் கேட்பின், மன்னுயிர்க்கெல்லாம் ‘உண்டியும் உடையும் உறையுளும் அல்லது கண்டது இல்’ என்று மணிமேகலை சொல்கிறது. சோறு, துணி, குடியிருக்க ஓர் இடம், இவ்வளவுதான். இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்ப வேண்டும் என்பது அந்த விளக்கத்தில் இல்லை. உறையுள் இருக்கிறது.

*

கேள்வி: அரசமைப்புச் சட்டத்திலும் பேச்சுரிமைக்கும் மதவுரிமைக்கும் வரம்பாக ‘ஒழுக்கநெறி’ வைக்கப்பட்டிருக்கிறது. அங்கே யாருடைய ஒழுக்கநெறி?
– சட்டக் கல்லூரி மாணவி, மதுரை

பதில்: 19(2), 25 ஆகிய இரண்டு உறுப்புகளிலும் அந்தச் சொல் இருக்கிறது, அதற்கு என்ன பொருள் என்ற வரையறை எந்த உறுப்பிலும் இல்லை. ஆகவே வழக்குகள்தாம் பொருள் சொல்லி வந்திருக்கின்றன.

நம் மாநிலத்தோடு தொடர்புடைய வழக்கிலிருந்தே தொடங்கலாம். 2005ஆம் ஆண்டு ஒரு வார இதழில் திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றி நடிகை குஷ்பு சொன்ன கருத்துக்காக அவர்மீது 23 குற்றப் புகார்கள் தொடரப்பட்டன. பெரும்பாலானவை தமிழ்நாட்டில். 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அனைத்தையும் தள்ளுபடி செய்தது. சமூக ஒழுக்கம் பற்றிய எண்ணங்கள் ஆளுக்கு ஆள் மாறுபடுபவை, தனிமனிதரின் சொந்த வாழ்க்கைக்குள் தேவையின்றி நுழையக் குற்றவியல் சட்டத்தைக் கருவியாக்கக் கூடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஒரு கருத்து பலருக்கு அருவருப்பாக இருந்தது என்பதற்கும் அதனால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தது என்பதற்கும் இடையே நீதிமன்றம் கோடு கிழித்தது.

2018 செப்டம்பரில், ஒரே மாதத்தில், மூன்று பெரிய தீர்ப்புகள் வந்தன. வயதுவந்தோர் மனமொத்து வைத்துக்கொள்ளும் தன்பாலின உறவு குற்றமல்ல என்றது ஒன்று. பிறன்மனை உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497ஆம் பிரிவை நீக்கியது இன்னொன்று. எல்லா வயதுப் பெண்களும் சபரிமலைக்குச் செல்லலாம் என்றது மூன்றாவது. இம்மூன்றிலும் ‘அரசமைப்பு ஒழுக்கநெறி’ என்ற தொடர் வருகிறது: பெரும்பான்மையினரின் பிடித்தம் பிடிக்காமையைவிட, சமத்துவம், கண்ணியம் போன்ற அரசமைப்பின் மதிப்புகளே எடை கூடியவை என்பது அதன் பொருள்.

நீங்கள் தேர்வுக்கு எழுதும்போது ஒரு நுட்பத்தை மறக்க வேண்டாம். 1948 நவம்பர் 4 அன்று அரசமைப்பு அவையில் இந்தத் தொடரை அம்பேத்கர் பயன்படுத்தினார். கிரேக்க வரலாற்றை எழுதிய ஜார்ஜ் குரோட்டிடமிருந்து எடுத்தாண்டார். அங்கே அதன் பொருள் இன்னும் குறுகியது: அரசமைப்பின் வடிவங்களை மதிப்பது, அந்த வடிவங்களுக்கு உட்பட்டுச் செயல்படும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவது, அதே நேரத்தில் அந்த அதிகாரத்தைத் தடையின்றி விமர்சிப்பது. இது இயல்பாக வரும் உணர்வு அன்று, பயிரிட்டு வளர்க்க வேண்டியது என்றார். நிர்வாக விவரங்களை எல்லாம் அரசமைப்பிலேயே ஏன் எழுதிவைக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு விடையாக அதைச் சொன்னார். அந்த விதையிலிருந்து இன்றைய நீதிமன்றங்கள் வேறொரு பெரிய மரத்தை வளர்த்திருக்கின்றன. எனக்கு அந்த மரத்தின் நிழல் பிடித்திருக்கிறது. ஆனால் அம்பேத்கர் சொன்னதே இதுதான் என்று எழுதினால் அது பிழை. சபரிமலை மறுஆய்வு மனுக்களின்போது, 2019 நவம்பரில், இந்தத் தொடரின் எல்லை என்ன என்பது உள்ளிட்ட கேள்விகளைப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

497ஆம் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை. 1860இலிருந்து இருந்த அந்தப் பிரிவு மணவாழ்க்கையின் ஒழுக்கத்தைக் காப்பதாகப் பலர் நம்பினார்கள். ஆனால் அதன் வாசகத்தின்படி கணவன் சம்மதித்திருந்தாலோ உடந்தையாக இருந்தாலோ குற்றமே கிடையாது. மணமான ஆண் மணமாகாத பெண்ணோடு வைத்த உறவும் குற்றமில்லை. மனைவி புகார் கொடுக்கவும் வழியில்லை. உரிமையாளர் அனுமதித்தால் திருட்டு ஆகாது என்ற சொத்துச் சட்டத்தின் தர்க்கம் இது. நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதற்கு ஒழுக்கம் என்று பெயர்.

வேடிக்கை என்னவென்றால், அரசுப் பணி விதிகளில் வரும் ‘ஒழுக்கக்கேடான குற்றம்’ என்ற சொல்லாட்சி தெருவின் சொல்லாட்சியைவிட விரிந்தது. லஞ்சம், மோசடி, போலி ஆவணம் எல்லாம் அதற்குள் அடங்கும். தெரு மறந்துவிட்ட பொருளைக் அரசு அலுவலகக் காகிதம் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

*

கேள்வி: ‘ஒழுக்கம் என்பது ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறுவது, எனவே சரி தப்பு என்று எதுவும் கிடையாது’ என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். பதில் சொல்ல முடியாமல் நிற்கிறேன்.
– பின்னலாடை நிறுவன மேற்பார்வையாளர், திருப்பூர்

பதில்: உங்கள் மகன் பாதி வழி சரியாக வந்திருக்கிறார். வழக்கங்கள் மாறுகின்றன என்பது உண்மை. அதிலிருந்து ‘எதுவும் தப்பில்லை’ என்ற முடிவுக்குத் தாவுவதில்தான் சிக்கல்.

அவரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். கோயிலுக்குச் சிறுமிகளைப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக விடுவது ஒரு காலத்தில் ஊர் ஏற்ற வழக்கம். 1927இல் சென்னை சட்ட மேலவையில் முத்துலட்சுமி ரெட்டி அதற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அதே மரபில் வளர்க்கப்பட்டு, அதை எதிர்த்து மேடை மேடையாகப் பேசினார். 1947இல்தான் தடைச் சட்டம் வந்தது. ஊர் ஏற்பதே சரி என்றால், அந்த இருபது ஆண்டுகளும் தவறு செய்தவர்கள் அந்த இரு பெண்கள் என்று ஆகிவிடும். சட்டம் வந்த மறுநாள் காலையில் அவர்கள் திடீரென்று சரியானவர்களாக மாறினார்கள் என்றும் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் மகன் அதை ஒப்புக்கொள்வாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், வழக்கத்தை நிறுத்துப் பார்க்க வழக்கத்துக்கு வெளியே ஓர் எடைக்கல் இருக்கிறது என்று அவரே ஏற்றுக்கொண்டதாகிறது. அந்தச் சிறுமியைக் கேட்டு யாரும் பொட்டுக் கட்டவில்லை என்பதுதான் அந்த எடைக்கல்.

அந்தச் சீர்திருத்தத்திலும் ஒரு கறை உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிறுமிகளை மீட்கும் பேச்சு, ஏற்கெனவே அந்த வாழ்க்கையில் இருந்த பெண்களை ஒழுக்கமற்றவர்கள் என்று ஏசும் பேச்சாகவும் பல மேடைகளில் மாறியது. அவர்களின் ஆட்டமும் பாட்டும் வேறு வீடுகளுக்குப் போய் மரியாதை பெற்றன. கற்றுக்கொடுத்தவர்கள் பெயரை மறைத்து வாழ நேர்ந்தது. அவர்களை ஆதரித்துவந்த மிராசுதார்களை ஒழுக்கங்கெட்டவர்கள் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நியாயத்துக்காகத் தொடங்கும் பேச்சுகூட எவ்வளவு விரைவில் பெண்ணின் உடலைப் பற்றிய பேச்சாகச் சுருங்கிவிடுகிறது, பாருங்கள்.

*

கேள்வி: கடவுள் நம்பிக்கை இல்லாதவருக்கு ஒழுக்கம் எங்கிருந்து வரும்?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: இந்தப் பிறவியில் செய்வது மறுபிறவிக்கு ஆகும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பவனை ‘அறவிலை வணிகன்’ என்கிறது புறநானூறு, ஆய் என்ற வள்ளல் அப்படிப்பட்டவன் அல்லன் என்று புலவர் முடமோசியார் அவனைப் புகழ்கிறார். ‘பக்தி தனிச்சொத்து, ஒழுக்கம் பொதுச்சொத்து’ என்று பெரியார் பிரித்தார். பலன் எதிர்பாராமல் கொடுக்கும் பக்தர்களையும் எனக்குத் தெரியும், அப்படியே கொடுக்கும் நாத்திகர்களையும் தெரியும். இரு தரப்பிலும் வணிகர்களும் இருக்கிறார்கள்.

*

கேள்வி: பள்ளிகளில் நீதிபோதனை வகுப்பை மீண்டும் கட்டாயமாக்கினால் இந்தக் குழப்பமெல்லாம் தீராதா?
– பெற்றோர், தருமபுரி

பதில்: நான் படித்த பள்ளியில் வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளை, நீதிபோதனை என்று கால அட்டவணையில் எழுதியிருந்தது. பாடம் முடியவில்லை என்று கணக்கு ஆசிரியர் அதை எடுத்துக்கொள்வார். ஆனால் ஒரு வெள்ளிக்கிழமை, அரைப் பரீட்சை விடைத்தாளில் எனக்குக் கூட்டல் தவறாகப் போட்டு நான்கு மதிப்பெண் அதிகம் கொடுத்திருப்பதை அவரே கண்டுபிடித்து, வகுப்பின் முன்னால் நின்று, ‘தப்பு என்னுடையது’ என்று சொல்லிவிட்டு மதிப்பெண்ணைக் குறைத்தார். குறைத்த கையோடு, இதே தவறு வேறு யாருக்காவது பாதகமாக நடந்திருக்கிறதா என்று நாற்பது விடைத்தாள்களையும் எங்கள் முன்னாலேயே மறுபடி கூட்டிப் பார்த்தார். மணி அடித்த பிறகும் கூட்டிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கு மதிப்பெண் ஏறியது.